சாப்பாட்டு நேரத்துக் காற்று

பக்கத்து ஆலையில் புது கம்ப்ரஸர் வந்ததும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இது இந்த ஆலையின் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளும் காற்றுக்காரர் காதுக்கு வந்தபோது அவருடைய அறையிலும் புது மெஷின் இறங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனார்.

அந்த ஆலை வாட்ச்மேன், "அனுப்பல. அறையைப் பூட்டிட்டாங்க. இப்போ கேட்ல என்கூட உக்காந்து லாரி நம்பர் எழுதறார்" என்றார்.

வதந்தி பொய்தான். ஆனாலும் திரும்பும்போது சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஆலையில் துளைக்கிற, இறுக்குகிற, பெயிண்ட் அடிக்கிற கருவிகளெல்லாம் அழுத்தக் காற்றில் ஓடுகிறவை. அந்தக் காற்றைக் குறையில்லாமல் அனுப்புவதுதான் இருபத்தொரு வருடமாக இவர் வேலை. பழைய கம்ப்ரஸர், காற்று யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, நாள் முழுக்கக் கத்திக் கரண்டைத் தின்னும். அந்தச் சத்தம் கேட்கும்வரை இவரும் உழைப்பதாக எல்லோரும் நம்பினார்கள். புதுசு அப்படியில்லை. தேவை குறைந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பூனை மாதிரி படுத்துவிடும். பக்கத்தில் நிற்கிறவர் சும்மா நிற்கிறார் என்பது வாசலிலிருந்தே தெரிந்துவிடும்.

ஐந்தாம் நாள், காற்றுத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிக்கிற வால்வைக் கால் திருகு திறந்துவைத்தார். காற்று சன்னமாக வெளியேற, மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. கேட்க இதமாக இருந்தது.

எவ்வளவு காற்று போகிறதென்று அந்த மெஷின் மணிக்கு மணி கணக்கு எழுதும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மறுவாரம் இன்ஜினியர் மேடம், அந்தக் கணக்கைக் கோடாக வரைந்த ஒரு தாளோடு வந்தார். "சாப்பாட்டு நேரத்துல ஒரு கருவியும் ஓடல. ஆனா காத்து போய்க்கிட்டே இருக்கு. எங்கேயோ ஒழுகுது. இந்த பைப்பெல்லாம் உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? நீங்களே கண்டுபிடிங்க."

காற்றுக்காரர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்வை மூடினால் தாளிலுள்ள கோடு பொத்தென்று விழும், எந்த இடத்தில் ஒழுகியது, காட்டுங்கள் என்பார்கள். மூடாவிட்டால், ஒழுகலைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு கேட்டில் நாற்காலி போட்டுவிடுவார்கள். வீட்டில் சோறு இறங்கவில்லை.

"அந்த மெஷின் மாதிரி நீங்களும் வேகத்தைக் குறைச்சுட்டீங்களா?" என்றாள் மனைவி.

அவளுடைய தம்பி அதே ஆலையில் பைப் மாட்டுகிற பிட்டர். விஷயத்தை அவனிடம்தான் கொட்டினார்.

"கரண்டை மிச்சம் பிடிக்க வாங்கின மெஷினுக்குத் தண்டச்சோறு போட்டிருக்கீங்களே மாமா."

"சிரிக்காத மாப்ளே. வழியைச் சொல்லு."

"பைப் நிஜமாவே பல இடத்துல ஒழுகுது. சோப்புத் தண்ணி தடவிப் பாப்போம். ஒரு ஓட்டையை அடைச்சா, வால்வை ஒரு மயிரிழை மூடுங்க. ஷிப்ட் முடிஞ்சு தினம் ஒரு மணி நேரம் நான் வர்றேன். பதிலுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை என் ஷிப்டை நீங்க பாக்கணும்."

இரண்டு வாரம் ஏணியும் வாளியுமாக அலைந்தார்கள். நுரை பொங்கிய பதினேழு இடங்களை அடைத்தார்கள். கோடு படிக்கட்டு மாதிரி அழகாக இறங்கியது.

"இனிமே வாரா வாரம் இதுதான் உங்க வேலை" என்றார் மேடம். மிச்சமான கரண்டைப் பார்த்த முதலாளி குஷியில் இன்னும் மூன்று பெயிண்ட் மெஷின்களை இறக்கினார். மீட்டர் பழைய இடத்துக்கே வந்து நின்றது. புது பைப், புது மூட்டு, புது ஒழுகல். காற்றுக்காரர் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

ஆனால் மச்சினன் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கவே மாட்டேன் என்கிறான். நாலு ஞாயிறு போய்விட்டது.

"இந்த வாரமே பாத்துடறேனே மாப்ளே."

"என்ன அவசரம் மாமா? வேணும்போது வாங்கிக்கறேன்" என்கிறான், அந்த வால்வைக் கால் நுனியால் தட்டி, மேடம் அறைப் பக்கம் பார்த்தபடி.