கியூசிக்கின் சாப்பாட்டு சர்வர்

மதியம் எந்தக் கடைக்குப் போவது என்பதை தென்கொரியாவின் பாங்யோவிலுள்ள எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் பல வருடமாக கியூசிக்தான் முடிவு செய்வார். அவருக்குப் பிடித்த குடல் சூப்பை நாங்களும் முகம் சுளிக்காமல் குடித்து வந்தோம். புதிதாகச் சேர்ந்த தாமி, பைத்தான் நிரல்மொழியோடு வரும், கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் சாக்கெட் நூலகத்தை வைத்து ஒரு வாக்கெடுப்பு சர்வர் எழுதினாள். அவரவர் கணினியிலிருந்து ஓட்டுப் போட்டோம். குளிர் நூடுல்ஸ் ஜெயித்தது. கியூசிக்குக்கு வயிறு எரிந்தது.

அவரும் ஒரு சர்வர் எழுதினார். அவர் போட்ட ஓட்டு மட்டும் விழுந்தது. எங்களால் நுழையவே முடியவில்லை. நேராகத் தாமி மேல் பாய்ந்தார்.

"நீதானே தடுத்து வச்சிருக்க? என் மேல அவ்வளவு பொறாமையா?"

தாமி அவருடைய திரையைப் பார்த்தாள். "சீனியர், 127.0.0.1-ன்னு குடுத்திருக்கீங்க. அது உங்க கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுக்கிற முகவரி. நீங்க மட்டும்தான் உள்ள வரலாம். எங்களுக்கும் திறந்து விடுங்க."

திறந்துவிட்டார். குளிர் நூடுல்ஸே மறுபடியும் ஜெயித்தது.

மறுநாளே பழைய முகவரியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். இப்போது அவருடைய சர்வரில் தினமும் குடல் சூப் ஏகமனதாக ஜெயிக்கிறது.

"உன் சர்வர்ல என்னிக்காவது இப்படி ஒத்துமை இருந்துச்சா?" என்று தாமியைக் கேட்டுவிட்டு, தனியாகக் கிளம்பிப் போகிறார்.