அகல டயர் போட்ட ஐப்பசி

அந்த ஐப்பசியில் எனக்கு இரண்டு கவலைகள். ஒன்று, என் மனைவியின் சிறுநீரகம். இன்னொன்று, என் வண்டியின் தேய்ந்துபோன நான்கு டயர்கள். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் பார்க்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடந்தன.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு அவள் சேலத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்தாக வேண்டும். எங்கள் வீடு தலைச்சோலைப் பக்கம், காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து தார் ரோட்டைப் பிடிக்க ஒரு செம்மண் ஏற்றம். மேலே களி, அடியில் பாறை. வெயில் காலத்தில் ஸ்கூட்டர்கூட ஏறிவிடும். நாலு நாள் மழை விடாமல் பெய்தால் நடந்து போகிறவனே மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறவேண்டும். ஏறிய பிறகு இருபது கொண்டை ஊசி வளைவு, கீழே சேலம், நாலு மணி நேரம் மிஷின், மறுபடி அதே இருபது வளைவு. இரண்டு வருஷமாக இதே பாடு. படுக்கிறவள் அவள், ஓட்டுகிற உனக்கு என்ன சலிப்பு என்று கேட்கலாம். கேளுங்கள். எனக்குச் சலித்துத்தான் போயிருந்தது.

மற்ற நாட்களில் அதே வண்டியை ஏரிக்கரை ஸ்டாண்டில் போட்டு, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றுவேன். ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி, இரண்டாம் கையாக வாங்கியது. ஸ்டாண்டில் வரிசையாகப் பத்து வண்டி நிற்கும். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் டிரைவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பிரேக்கைக் கேட்க மாட்டார்கள், சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். டயர் அகலமாக, ரிம் பளபளவென்று இருந்தால் அதுதான் மலை ஏறும் வண்டி என்று அவர்களுக்கு ஒரு முடிவு. அதனால் எங்கள் ஸ்டாண்டில் ஒவ்வொருவராக இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு அலாய் வீலும் அகல டயரும் போட்டுக்கொண்டோம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மலை தெரியாதவர்களின் கண்ணுக்காக டயர் வாங்கினோம். அந்த ஐப்பசி வரை அப்படி வாங்காமல் இருந்த கடைசி இரண்டு பேரில் நானும் ஒருவன்.

என் மச்சினன், அவளுடைய தம்பி, அப்போது கனடாவில் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மிஷினிலிருந்து எழுந்து வந்தவளுக்குத் தலைசுற்றல் அடங்கட்டும் என்று ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தபோது அவன் போன் வந்தது. அவனும் ஒரு எஸ்யூவி வாங்கியிருக்கிறான், பனிக்காலத்துக்கென்று தனியாக ஒரு செட் ரிம்மும் டயரும் எடுக்கப்போகிறான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டான். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

அகலமாகப் போட்டால்தானே பிடிமானம் என்று நான் கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன், அவன் வாயைக் கிளற.

"அதுதானுங்க மாமா எல்லாரும் பண்ற தப்பு. அகல டயரு பனி மேல மெதக்கும். ஒடுக்கமா இருந்தாத்தான் அறுத்துட்டு எறங்கி, கீழ தரையப் புடிக்கும். ரிம்மையும் ஒரு இஞ்சு கொறச்சுக்கறேன், டயரோட பக்கக் கன்னம் ஒசரமா இருக்கட்டும்னு."

குளிரில் விறைத்துப்போகாத தனி ரப்பர் என்றும் ஏதோ சொன்னான். நான் பனியைப் பார்த்ததில்லை, ஆனால் அவன் சொன்னது எனக்கு அப்படியே எங்கள் ஏற்றமாகத்தான் கேட்டது. களி மேல் மிதந்தால் போச்சு, களியைக் கிழித்துப் பாறையைத் தொட்டால் பிழைத்தோம். மழையில் அந்த ஏற்றத்தில் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டைவிரலை ஊன்றித்தான் ஏறுவேன். அதே கணக்குதான். பனி விழுந்து கிடந்த தன் வீட்டு வாசலை அவன் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, காப்பி பூத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று அவள் பேசிய ஒரே பேச்சு அது என்று நினைத்தேன்.

அங்கிருந்து நேராக டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று, என் இரும்பு ரிம்முக்கே பொருந்துகிற, ரப்பர் கட்டிகள் பட்டன் பட்டனாக எழும்பி நிற்கிற ஒடுக்க டயர். இன்னொன்று, யாரோ புது வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன அலாய் வீலும் அகல டயரும். என் மனசு முதலாவதில் இருந்தது. கண் இரண்டாவதில் இருந்தது. ஸ்டாண்டில் மதியம் வரை சும்மா நின்றுவிட்டுக் காலி வண்டியாக வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. வண்டிக்குள் சாய்ந்திருந்த அவளிடம், எதைப் போடலாம் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"ஏனுங்க, பெருசே போட்டுருங்க," என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாவம், என் பிழைப்பை நினைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. பழைய இரும்பு ரிம்களைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசியது. ஒரே வீச்சில் திரும்பிக்கொண்டிருந்த வளைவுகளில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மண் காய்ந்திருந்தது, ஏறிவிட்டோம். அடுத்த செவ்வாய்க்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய் காலை ஐந்தரைக்கு அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. டயரின் பள்ளமெல்லாம் களி அப்பிக்கொண்டு, கழுவிய தட்டு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. சில்வர் ஓக் கிளையை ஒடித்துச் சக்கரத்தடியில் வைத்தேன். கல்லை முட்டுக் கொடுத்தேன். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் வண்டி பக்கவாட்டில் சறுக்கி வாய்க்காலைப் பார்த்துப் போனது. ஏழரை மணிக்குக் கைவிட்டேன். ஸ்டாண்டுக்குப் போன் போட்டால், எங்கள் பக்கம் மரம் விழுந்து தார் ரோடே அடைபட்டிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். நாளைக்கு மிஷின் காலி இல்லை, வியாழக்கிழமை வாருங்கள், அதுவரை தண்ணீரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ்.

நான் தலை முதல் கால் வரை சேறோடு வாசலில் நின்று என்னையும் டயரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் சேலையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று முழுக்க அவள் முகம் தெளிவாக இருந்தது. பல மாசத்துக்குப் பிறகு தானே கீரை கடைந்தாள். மதியம் கொல்லைப்பக்கம் போனபோது ஆரஞ்சு மரத்தடியில் தோல் கிடந்ததைப் பார்த்தேன். ஆரஞ்சு அவளுக்கு விஷம், ஒரு சுளைகூடக் கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். கிடந்தது இரண்டு முழுப் பழத்தின் தோல். கேட்கலாம் என்று உள்ளே போனேன். கயிற்றுக்கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கால் வீங்கியது. சாயங்காலம் படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே இருந்தாள். நான் பயந்துபோனேன். நல்ல வேளை, மழை விட்டிருந்தது, ரோட்டில் கிடந்த மரத்தையும் வெட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நாலு பேர், மூட்டை மூட்டையாகக் காய்ந்த காப்பித் தோலைக் கொண்டுவந்து ஏற்றம் முழுக்கக் கொட்டினார்கள். பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஒரு வழியாகத் தார் ரோட்டைத் தொட்டேன். அந்த இருபது வளைவிலும் ரிவர்ஸ் எடுத்து எடுத்து இறங்கியபோது பக்கத்தில் அவள் மூச்சு இழுத்த சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்க முடியும்.

அவசரம் என்று ஒரு மிஷினைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அவளுக்குப் பேச்சு வந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாம் என் புத்திதான், ஊரான் கண்ணுக்காக டயர் வாங்கினேன், உன்னைக் கொன்றிருப்பேன் என்று புலம்பினேன்.

ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையை அசைக்காமல், மற்றக் கையால் என் முழங்காலைத் தொட்டாள்.

"நீங்க எதுக்குங்க அழுவறீங்க. தம்பி சொன்னத நானுந்தான் கேட்டேன். அகல டயரு மெதக்கும்னானே. ஒரு வாரமாச்சும் வண்டி ஏறாதுன்னுதானுங்க அதப் போடச் சொன்னேன். நொம்ப ஓஞ்சு போச்சுங்க எனக்கு."

எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போட வாயைத் திறந்தேன். ஆரஞ்சைப் பற்றிக் கேட்க நினைத்தேன், என்னை விட்டுப் போக நினைத்தாயா என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன். நாலு நாள் வீட்டில் கிடக்கத்தான் ஆசைப்பட்டதாகவும், சாகவேண்டும் என்று நினைக்கவில்லை என்றும் அவளே மெதுவாகச் சொன்னாள். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். எனக்குச் சலித்துவிட்டது என்று இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், உனக்கு எப்படி இருக்கிறது என்று அவளிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அன்று அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றேன். என் இரும்பு ரிம்கள் மூலையில் தூசியோடு கிடந்தன. அகல டயர் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரும்பு ரிம்மில் அந்த ஒடுக்க டயர்களை மாட்டச் சொன்னேன். கடைக்காரர் ஒரு வாரம் ஓடியதைப் பற்றி ஏதோ இழுத்தார். அவர் சொன்ன நஷ்டத்தை அப்படியே எண்ணிக் கொடுத்தேன்.

மதியம் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். பழைய இரும்பு ரிம்மையும், பட்டன் பட்டனாக இருந்த புது டயரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இனி வழுக்காதுங்களா?" என்றாள்.

"வழுக்காது," என்றேன். என் வாயால் அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்ல எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஏறி உட்கார்ந்து, தானே கதவைச் சாத்திக்கொண்டாள்.