நார்மனின் காதும் விச்சுவின் போர்வையும்

புனே பக்கம் கட்கியில் நார்மன் வீட்டுக்கு அந்த இரண்டு ஸ்பீக்கர்கள் வந்து இறங்கிய நாளைப் பற்றி, தெருவில் இன்றைக்கும் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆறு பேர் தூக்கினார்கள் என்பார் ஒருவர், பன்னிரண்டு பேர் என்பார் இன்னொருவர், யானை வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறவரும் உண்டு. மாடிப்படியில் நுழையாமல் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றினார்கள் என்பது மட்டும் நிஜம். கீழே நின்ற கூட்டம் தமிழ், மராத்தி, இந்தி, இங்கிலீஷ் என்று நான்கு மொழியில் யோசனை சொன்னது. மேலே கயிறு பிடித்தவர்கள் ஒரு மொழியையும் காதில் வாங்கவில்லை. அதனால்தான் பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஜெர்மன் எஞ்சினியர் விட்டுப்போன ஸ்பீக்கர்கள் அவை. நார்மனின் மனைவி கிளாரிசா ரிட்டயரான கணக்கு டீச்சர். ஹாலின் இரண்டு மூலையிலும் கதவைவிட உயரமாக நின்ற கறுப்புக் கோபுரங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அன்றே பெயர் வைத்தாள்.

"இது மாமனார், அது மாமியார். மூலையைப் புடிச்சாச்சு, இனி நகராதுங்க. சோறு மட்டும் நேரத்துக்கு வேணும்."

விளையாட்டாகச் சொன்னது அப்படியே பலித்தது. ஸ்பீக்கருக்குச் சோறு என்றால் ஆம்ப்ளிஃபையர் கொடுக்கிற கரண்ட். சில ஸ்பீக்கர்கள் ஒரு கவளத்தில் திருப்தியாகிவிடும். இவை அந்த ரகம் அல்ல. பின்பக்கம் அச்சடித்திருந்த கணக்கு ஒரு மடங்கு. பாட்டில் மிருதங்கம் இறங்கி அடிக்கிற இடத்தில் இவை கேட்டது அதைப்போல நான்கு மடங்கு. எட்டுப் பேர் வருகிறோம் என்று ஃபோனில் சொல்லிவிட்டு, இலை போட்டபின் முப்பது பேராக வந்து உட்காருகிற சம்பந்தி வீட்டார் மாதிரி. அந்தப் பந்தியைச் சமாளிக்க முடியாத ஆம்ப்ளிஃபையர் திணறும், குரல் கட்டும், கடைசியில் புகையும். கடையில் வாங்கிய முதல் ஆம்ப்ளிஃபையர் ஒரு கிறிஸ்மஸ் பாட்டின் நடுவிலேயே உயிரை விட்டது. இரண்டாவது போனபோது, அடக்க ஆராதனைக்குச் சர்ச் ஐயரைக் கூப்பிடட்டுமா என்று கிளாரிசா கேட்டாள். மூன்றாவது போன அன்று கட்கி ஸ்டேஷனில் லோக்கல் வண்டியே ஒரு நிமிஷம் தயங்கி நின்றதாகப் பேச்சு.

நார்மனுக்கு டிரான்ஸ்ஃபார்மர்தான் பிழைப்பு. போசரியில் ஒரு சின்ன ஷெட்டில் ஆயுசு முழுக்கச் செம்புக் கம்பி சுற்றியவர். கடைச் சோறு பற்றாது என்று தெரிந்ததும் தானே உலை வைத்தார். மூடிப்போன ஒரு ஃபேக்டரியிலிருந்து கிடைத்த உயர்ந்த இரும்புத் தகட்டை அடுக்கி, கம்பி சுற்றி, ஸ்பீக்கருக்கு ஒன்றாக இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் செய்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆட்டுக்கல் கனத்தில் டிரான்ஸ்ஃபார்மர். அவற்றை மாட்டிய அன்றுதான் மாமனாரும் மாமியாரும் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டார்கள். ரெக்கார்டில் இருந்த தம்புரா இடப்பக்கம் சுவரோரம் உட்கார்ந்துகொண்டது. பாடகி நட்டநடு ஹாலில் நின்றாள். மூச்சு இழுக்கிற இடம்கூடத் தெரிந்தது. கிளாரிசா பூரிக்கட்டையோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க வந்திருக்கா?" என்று கேட்டாள். அதைவிடப் பெரிய பாராட்டை நார்மன் எதிர்பார்க்கவில்லை.

குறை என்று ஒன்று உண்டு. சூடு. மே மாதம் அந்த ஹாலில் அப்பளம் காயப்போடலாம். புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருகிற பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே ஆண்டவரைத் துதித்தார்கள்.

நார்மனின் நண்பர் விச்சு நிக்டிக்காரர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜுனா பஜார் பழைய சாமான் சந்தையில் ஒரே கிராமஃபோன் ரெக்கார்டின் இரண்டு ஓரத்தை இரண்டு பேரும் பிடித்து இழுத்ததில் ஆரம்பித்த சிநேகிதம். பாதிப் பாதி காசு போட்டு வாங்கி, மாசத்துக்கு ஒருத்தர் என்று வைத்துக்கொண்டார்கள். விச்சு வீட்டிலும் இதே போல் பெருந்தீனி ஸ்பீக்கர்கள் உண்டு. ஆனால் அவரிடம் இருந்தது ஒரு லேசான கடை ஆம்ப்ளிஃபையர்.

"எனக்கும் ரெண்டு பண்ணிக் குடேன்டா நார்மா," என்று விச்சு கேட்டுப் பார்த்தார்.

"அந்தத் தகடு இனிமே எங்க கெடைக்கும் விச்சு? இருந்தா உனக்குத்தானே மொதல்ல."

"பரவால்ல போ. சும்மாத்தான் கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் விச்சு வந்துவிடுவார். இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஹாலின் குறுக்கே கொடி கட்டி, கிளாரிசாவின் போர்வையைத் தொங்கவிடுவார்கள். ஒருத்தர் பின்னால் நின்று வயரை மாற்றி மாற்றிச் சொருகுவார். மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து, பாடுவது எந்த ஆம்ப்ளிஃபையர் என்று காதால் மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். சரியா தப்பா என்று பின்னால் நிற்கிறவர் சொல்வதுதான் தீர்ப்பு. போர்வையை விலக்கிப் பார்ப்பது கூடாது. பார்த்தால் நண்பனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். ஷெட்டில் இன்ஸ்பெக்டர் முத்திரை குத்திய டிரான்ஸ்ஃபார்மரையே மீட்டர் வைத்து மறுபடி அளக்கிற நார்மன், அந்தப் போர்வையை ஒரு நாளும் தொட்டதில்லை.

போன ஜனவரியில் விச்சு தன் லேசான ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து போர்வைக்குப் பின்னால் வைத்தார். பாட்டு ஓடியது.

"இது என்னோடது," என்றார் நார்மன், கண்ணை மூடியபடி.

பின்னால் விச்சு தொண்டையைச் செருமினார். "நன்னா கேட்டுட்டுத்தான் சொல்றியா?"

"இதுல என்ன கேக்கறதுக்கு? பாஸ், அந்த அடிச் சத்தம், தரையில கால் ஊணி நிக்குது பாரு."

"அடப்பாவி! இது என்னோடதுடா! லேசுப் பெட்டி!"

நார்மன் சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறும் தப்பு என்றபோது சிரிப்பு பாதியில் நின்றது. அதற்கடுத்த ஞாயிறு கிளாரிசா வைத்த டீ ஆறிப்போனது. விச்சு போர்வைக்குப் பின்னாலிருந்து வந்து, நாற்காலிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நார்மனின் முழங்காலில் கைவைத்தார்.

"வயசாறதோன்னோடா. எல்லாருக்கும் வர்றதுதான். காதுல மேல் சத்தம், கீழ் சத்தம் ரெண்டும் போயிடும்னு சொல்றா."

காது டாக்டரிடம் போனார் நார்மன். உங்கள் வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார் டாக்டர். நார்மனின் மனதில் 'உங்கள் வயதுக்கு' மட்டும்தான் நின்றது. திரும்பி வந்து விச்சுவுக்கு ஃபோன் போட்டார்.

"எனக்கெதுக்கு இந்த ரெண்டும்? காது இருக்கறவன் வீட்ல இருக்கட்டும். வந்து எடுத்துக்கோ."

"சீ சீ, என்னடா பேச்சு இது?" என்று சொல்லிக்கொண்டே வந்து விச்சு கார் டிக்கியைத் திறந்தார். லேசுப் பெட்டியைப் பதிலுக்கு விட்டுப்போனார்.

அதன்பின் மாமனாரும் மாமியாரும் அரைவயிற்றோடு முனகினார்கள். பாஸ் கால் மடிந்து விழுந்தது, பாடகி கிணற்றுக்குள்ளிருந்து பாடினாள். காது போனவனுக்கு எல்லாம் இப்படித்தான் கேட்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் நார்மன். சர்ச் கொயரில் வாலிப வயதிலிருந்து பாஸ் என்கிற கீழ்க்குரல் வரிசையில் பாடியவர், தன் குரல் மற்றவரோடு சேருகிறதா என்று தெரியாதவன் அங்கே நிற்கக் கூடாது என்று அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு வரும்போது உதட்டை மட்டும் அசைத்தார். கிளாரிசா பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் புத்தகத்தில் குனிந்துகொள்வாள்.

தீபாவளி வந்தது. வருஷா வருஷம் விச்சு வீட்டில் பராள் என்கிற தீபாவளிப் பலகாரம், டிசம்பரில் நார்மன் வீட்டில் கேக் என்பது வழக்கம். காலை டிஃபன் வேளைக்குக் கணவனும் மனைவியும் நிக்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

படியேறும்போதே பாட்டுக் கேட்டது. ஹாலில் நார்மனின் இரண்டு பெட்டிகளும் கோலத்துக்கு நடுவில் சாமி மாதிரி வீற்றிருந்தன. ஆனால் பாட்டில் அடி இல்லை. மிருதங்கம் அட்டைப்பெட்டி போல் தட்டியது. பாடகிக்கு இடமே இல்லை. ஒரு கணம் ஜன்னலில் இருந்தாள், ஒரு கணம் நார்மனின் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். தான் பெற்ற பிள்ளையின் குரலே தனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டதே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. சக்லி முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு சமாளித்தார்.

விச்சு அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்தார். அவர் மகள் தீப்தி லீவில் வந்திருந்தாள். தட்டில் சிவ்டா மிக்சரை நிரப்பிக்கொண்டே நார்மன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டித் தட்டித்தான் வரும்.

"அங்கிள், உங்க கான்... காது ஏக்தம் சூப்பர்! அப்பா எங்க கிட்ட சொல்லி சொல்லி சிரிச்சாரு."

"என்னம்மா சொன்னாரு?"

"அந்த... சாதர் கேம். போர்வை. அப்பா எத்தனை தடவை மாத்தி வெச்சாலும் நீங்க ஃபட்டாக்குனு கண்டுபுடிச்சீங்களாமே! ஒவ்வொரு தடவையும் கரெக்ட்டு. நார்மனை ஏமாத்தவே முடியாதுன்னு சொன்னாரு. அப்புறம் ஏன் அங்கிள் இதைக் குடுத்துட்டீங்க?"

நார்மன் வாயில் இருந்த சக்லி அப்படியே நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கிளாரிசா ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். 'என்னடி சொல்றே?' என்று கேட்டிருக்க வேண்டும். அவள் அவசர அவசரமாகத் தீப்தியின் துப்பட்டாவைத் தொட்டு, "இது பைத்தணிப் பட்டு பார்டரா? எங்க வாங்கினே?" என்றாள். வந்ததிலிருந்து அந்த ஹாலில் கடிகாரம், காலண்டர், திரைச்சீலை எல்லாவற்றையும் பார்த்தவள், நடுவில் இருந்த அந்த இரண்டு பெட்டிகளை மட்டும் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நார்மனுக்கு உறைத்தது.

அவர் எழுந்தார். தன் காது தன்னிடமே இருந்தது. ஒரு நாளும் அது எங்கேயும் போகவில்லை. அப்படியானால், இப்போது கேட்கிற இந்த ஓட்டைச் சத்தமும் நிஜம்தான். ஸ்பீக்கரின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். வலப்பக்கம் சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு கறுப்பில். இடப்பக்கம் சிவப்பு கறுப்பில் ஏறியிருந்தது. அவ்வளவுதான். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். ஊஞ்சலை இரண்டு பேர் எதிரெதிரே தள்ளினால் எப்படி நகரும்? அடிச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடகி இடம் தெரியாமல் அலைவாள். நண்பனின் காது போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்ன மனிதர், பிப்ரவரியிலிருந்து இதைத்தான் கேட்டு ரசித்துக்கொண்டிருக்கிறார்.

விச்சு காப்பி டம்ளர்களோடு வந்தார். நார்மன் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தடுக்கியது.

"என்னடா, அங்க என்ன பண்றே?"

"சும்மா. தூசி இருக்கான்னு பாத்தேன்."

"எப்படி இருக்கு நம்ம பெட்டி? மனசுல பட்டதைச் சொல்லு."

நம்ம பெட்டி. நார்மன் காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். கேட்கலாம். ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்டால் விச்சு அழுவார், காலைப் பிடிப்பார், தகட்டைப் பற்றிச் சொல்வார், பெட்டியைக்கூடத் திருப்பிக் கொடுப்பார். ஆனால் அதற்கு அந்த வாயிலிருந்து வருவதை இன்னொரு தடவை உட்கார்ந்து கேட்க வேண்டும். போர்வை இருந்தபோது அந்த வாய் சொன்னதை எல்லாம் கேட்டாயிற்று.

"பிரமாதம் விச்சு," என்றார். "இப்படி ஒரு சத்தத்தை நான் எங்கயும் கேட்டதில்ல. எவன் வந்து என்ன சொன்னாலும் ஒரு வயரைக்கூட மாத்தாதே. இப்படியே இருக்கட்டும்."

"பாத்தியா! நானும் அதையேதான் சொல்லிண்டிருக்கேன்!" விச்சுவின் முகம் மத்தாப்பாக மலர்ந்தது. தீப்தி கைதட்டினாள்.

திரும்பும்போது ரிக்‌ஷா பிம்ப்ரி தாண்டும்வரை கிளாரிசா கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தபடி ஆரம்பித்தாள்.

"அந்த ஓவன் ரெண்டும் போனா வீட்ல காத்து வரும்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். எப்படியாவது எடுத்துட்டுப் போயிடுங்கன்னு. உங்க காது போச்சுன்னு சொல்லுவாருன்னு எனக்கு சத்தியமாத் தெரியாதுங்க."

"சொன்னப்பறம் தெரியுமில்ல?"

அவள் முந்தானை நுனியை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள்.

"நான் கொயர்ல அங்கியைக் குடுத்தேனே, அன்னிக்கும் தெரியும்."

ரிக்‌ஷாக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

அடுத்த ஞாயிறு நார்மன் அங்கியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு பாஸ் வரிசையில் தன் இடத்தில் போய் நின்றார். அன்று அவர் எடுத்த கீழ்ச் சுரத்தில் சர்ச் மணி தானாகவே ஒரு தடவை முனகியதாக, முன்வரிசையில் இருந்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். தன் குரல் பக்கத்துக் குரலோடு விளிம்பு பிசகாமல் ஒட்டியதை அவர் தெளிவாகக் கேட்டார்.

மதியம் கிளாரிசா அவருக்குப் பிடித்த மட்டன் குழம்பு வைத்திருந்தாள். அவர் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை நின்று பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"பிரமாதம்," என்றார் நார்மன். "இப்படியே இருக்கட்டும். ஒண்ணும் மாத்தாதே."

அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். விச்சுவிடம் சொன்ன அதே வார்த்தைகளைக் கேட்ட கிளாரிசா உப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.