கோச்சடை வீட்டில் ஓடிய இரண்டாம் பக்கம்

2002 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு மதுரையில் ரயிலை விட்டு இறங்கினேன். பையில் ஒரு மாற்றுச் சட்டையும் ஐந்து புதுக் கேசட்டுகளும் இருந்தன. "கோயிலுக்கா சார்?" என்று கேட்ட மூன்று ஆட்டோக்காரர்களிடமும் இல்லை என்றேன். பழைய அமெரிக்க ஹிப்ஹாப் கேசட் தேடி ஒருவன் மதுரைக்கு வந்திருக்கிறான் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? என் வீட்டில் சொல்லியே யாருக்கும் புரியவில்லை.

தாளத்தின் மேல் பேச்சை அடுக்கிக்கொண்டே போகிற சங்கீதம் அது. தொண்ணூறுகளில் அந்த நாட்டுக் கல்லூரி வானொலிகளுக்குப் பாடகர்கள் நேரில் வந்து அங்கேயே வரிகளை இட்டுக்கட்டிப் பாடுவார்கள். யாராவது வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் காற்றோடு போச்சு. "விற்பனைக்கு அல்ல" என்று முத்திரை குத்தி வானொலி நிலையங்களுக்கு மட்டும் கம்பெனிகள் அனுப்பும் விளம்பரக் கேசட்டுகளும் அப்படித்தான். சென்னையில் வங்கிக் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஏழு வருஷம். "கோச்சடையில ஒரு வீட்ல இந்தக் கத்தல் கேசட்டு ஒரு பெட்டி கிடக்குண்ணே" என்று அலுவலகத்து மதுரைக்காரர் சொன்ன நாளிலிருந்து தூக்கமும் சரியில்லை.

ஏழரை மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். டிக்கெட் இரண்டரை ரூபாய், தூரம் ஐந்து கிலோமீட்டர் இருக்கும். இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூவரும் மூன்று திசையைக் காட்டினார்கள். டீக்கடைக்காரர், "அந்த சௌராஷ்டிரா வீடா? இம்புட்டு தூரம் எதுக்கு வந்தீக, பின்னாடி போங்க" என்று திருப்பி அனுப்பினார். வீட்டை நான் இரண்டு முறை கடந்து போயிருந்தேன்.

எட்டரை மணி. கதவைத் திறந்த ருக்மணி அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் தெற்கு மாசி வீதிக் கடைக்குப் போயிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கேசட்டுகள் அந்த அம்மாளின் தம்பி கோபி அனுப்பியவை. நியூஜெர்சிக்குப் படிக்கப் போன கோபி, கல்லூரி வானொலியில் பகுதிநேரம் வேலை பார்த்தபோது, அங்கே கழித்துப் போட்டதையெல்லாம் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டிருக்கிறான்.

"எம்புட்டோ கேட்டுப் பார்த்தேன் தம்பி. பத்து நிமிசத்துல தலைவலி வந்துரும். அப்பா இருந்தவரைக்கும் போட்டாலே எந்திரிச்சு வெளிய போயிருவாரு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பெட்டியில் இருபத்திரண்டு கேசட்டுகள். ஒன்பதாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிவராமலே போன ஓர் ஆல்பத்தின் விளம்பரக் கேசட் அது. அதன் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டுக்காக நாலு வருஷமாக அலைகிறேன். உறை மேல் தமிழில் "அக்கா, முழுசாக் கேளு" என்று எழுதியிருந்தது. நம்மைப் போல ஒரு பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மேல் ஓரத்துத் துவாரங்களில் ஒன்றில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அழியக் கூடாத கேசட்டில் மறுபடி பதிவு செய்ய எல்லாரும் செய்கிற வேலை அது. அப்படியானால் என் பாட்டு அழிந்திருக்கலாம்.

வாங்கும் கேசட்டை முழுவதும் கேட்டு, டேப் ஓடிய அளவைக் காட்டும் கவுண்டர் எண்ணைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். அந்த அம்மாள் உள்ளே கிரைண்டரில் மாவாட்டப் போக, நான் ஹாலில் இருந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் இரண்டாம் பக்கத்தை ஓட்டினேன். 312-இல் பாட்டு அறுந்தது. ஓர் ஆண் குரல் ரகசியம் பேசுவது போலப் பேசியது. வானொலி அறிவிப்பாளரா? ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. "அக்கா", "அப்பா" என்ற இரண்டு சொற்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. 371-இல் குரல் நின்று, நான் தேடிய கடைசிப் பாட்டு பாதியிலிருந்து தொடங்கியது.

நிறுத்தினேன். எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டுக்கொண்டேன். கிரைண்டர் நின்றது. மறுபடி எடுத்து வெளியே வைத்தேன்.

"அக்கா, இதுல உங்க தம்பி பேசியிருக்காருன்னு நினைக்கிறேன்."

அவர் மாவுக் கையோடு நின்று கேட்டார். அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழிதான் அது. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கூடப் படிச்ச பொண்ணாம். நம்ம சனம் இல்லையாம். அப்பாகிட்ட நீதான் பேசணும்க்கா, சரின்னா தீபாவளிக்குக் கடுதாசி போடு, போடலைன்னா வேணாங்கிறீகன்னு புரிஞ்சுக்கிறேன்னு சொல்றான். தொண்ணூத்தஞ்சு தீபாவளி தம்பி. நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தேன். கடுதாசியே போடலை."

கோபிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பொங்கலுக்கு ஒரு போன் வரும், அதில் சாப்பாடும் வெயிலும்தான் பேச்சு. ஏன் இப்படி ஆகிவிட்டான் என்று வீட்டில் ஆறேழு வருஷமாகக் குழம்பியிருக்கிறார்கள்.

"போன் பண்ணுங்கக்கா" என்றேன்.

"போன்ல எங்களுக்குப் பேச வராது. இதுலயே பேசுறேன். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரப் பையன் நாளைக்கு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போறான், அவன்கிட்ட குடுத்து விட்டுருவேன்."

"புதுக் கேசட் வச்சிருக்கேனே?"

"இல்ல தம்பி. அவன் விட்ட இடத்துலயே."

அவன் விட்ட இடத்தில் என் பாட்டு இருக்கிறது. பிரதி எடுக்க ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. 371-க்கு ஓட்டி, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. எண்கள் நகர, வெறும் மூச்சுச் சத்தம் என் பாட்டை அழித்துக்கொண்டே போனது. "பேசுங்கக்கா" என்றேன். பேசத் தொடங்கினார்.

மீதி இருபத்தொரு கேசட்டுகளோடு மதியமே சென்னை பஸ் ஏறினேன். எனக்கு நடந்தது லாபமா நஷ்டமா என்று பாதி வழி தாண்டியும் பிடிபடவில்லை. அந்தப் பெண் இருக்கிறாளா, காத்திருந்தாளா என்பதும் தெரியாது. சென்னை வீட்டு அலமாரியில் முந்நூறு கேசட் வைத்திருக்கிறேன், எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் குரல். என் குரல் பதிந்திருப்பது ஒரே ஒரு கேசட்டில், ஒரே ஒரு சொல்லாக. அது என்னிடம் இல்லை.