பெரும்பாலும் இயல்பே

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் அவருக்குப் ‘பெரும்பாலும்’ என்றே பெயர். பறவைகள் பகுதிக்குத் துணைப் பதிப்பாசிரியர். உறுதியாக ஒன்றை எழுதினால் யாரேனும் மறுத்து எழுதுவார். மறுப்பு வந்தால் தலைமைப் பதிப்பாசிரியர் அழைப்பார். ஆகவே ‘சில’, ‘ஏறத்தாழ’, ‘பொதுவாக’ என்னும் சொற்களையே கவசமாக அணிந்து, ஒரு கண்டனமும் பெறாமல் தலை நரைத்தவர். வீட்டிலும் அப்படியே.

“உப்பு சரியா இருக்கா?” என்பார் மனைவி.

“ஓரளவு இருக்கலாம்.”

“வாயில போட்டவருக்கே தெரியலன்னா, பக்கத்து வீட்டுலயா போய்க் கேக்கறது?”

பென்குயின் பதிவைச் செப்பனிட்டவரும் அவரே. கட்டுரையாளர் ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தார்: இறகு உதிர்க்கும் பருவத்தில் இப்பறவை உண்ணாதிருக்கும், அதற்குமுன் வயிறார உண்டு கொழுத்திருக்கும், மற்ற வேளையில் உணவை மறுத்தால் அது நோயின் அடையாளம். ஆனால் படம் பெரிதாகிவிட, பக்கத்தில் இடம் போதவில்லை. அவர் அவ்வளவையும் அடித்துவிட்டு ஒரே வரியாக்கினார்: ‘பென்குயின்கள் சில காலங்களில் உண்ணாதிருப்பதுண்டு, இது பெரும்பாலும் இயல்பே.’ வரி கச்சிதமாக அமைந்ததென்று தலைமைப் பதிப்பாசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அத்தொகுதியில் ஒரு படியைத் தங்கை கணவருக்கு அன்பளிப்பாக அளித்தார். விலங்குக்காட்சிச் சாலையில் மான் கொட்டிலில் பணியாற்றிய அந்த மாப்பிள்ளையை அப்போதுதான் பென்குயின் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். சொல்லித்தர அங்கே ஆளில்லை. மச்சான் தந்த புத்தகமே அவருக்கு வேதமாயிற்று.

ஒருநாள் பெட்டைப் பறவையொன்று, அவர் நீட்டிய மீனைத் தள்ளிவிட்டது. மறுநாளும் தள்ளியது. மாப்பிள்ளை பக்கத்தைப் புரட்டினார், இயல்பே என்றிருந்தது. மருத்துவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டுமென்று விட்டுவிட்டார். ஓர் இறகும் உதிரவில்லை. உடல் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. பிறகொரு காலையில் கூடத்தைத் திறந்தபோது அது குளத்தோரம் கவிழ்ந்து கிடந்தது. அறுத்துப் பார்த்த மருத்துவர், நுரையீரல் முழுவதும் பூஞ்சை என்றார். முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும் என்றும் சொன்னார்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையும் தங்கையும் அவர் வீட்டுக்கு வந்தனர்.

“மச்சான், உங்க புத்தகத்தை நம்பித்தான் சும்மா இருந்தேன். அந்த வரி சரியில்லைன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை போச்சுன்னா நாங்க நடுத்தெருவுலதான்.”

“கட்டாயம் வரேன் மாப்பிள்ளை.”

“வந்தா மட்டும் போதாது அண்ணா,” என்றாள் தங்கை. “வாயைத் திறந்து பேசணும். மென்னு முழுங்கக் கூடாது.”

மீன்வாடை வீசும் அறை. நீண்ட மேசைக்கு அப்பால் கண்காணிப்பாளர். இப்பால், ரப்பர் காலணியுடன் நின்றுகொண்டிருந்தார் மாப்பிள்ளை. கண்காணிப்பாளர் அந்தப் பக்கத்தை மச்சானின் முன் விரித்து வைத்தார்.

“இதைப் படிச்சா, பறவை சாப்பிடலன்னாலும் பயப்பட வேண்டாம்னுதானே தோணும்? ஆமாவா, இல்லையா?”

ஆமாம் என்றால், அப்படி எழுதிய கை எது என்பது அடுத்த கேள்வியாக வரும். அலுவலகம், தலைமைப் பதிப்பாசிரியர், இத்தனை ஆண்டு காத்த பெயர் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

“சில வாசகர்களுக்கு ஓரளவு அப்படித் தோணக்கூடும்.”

“உங்களுக்கு?”

“பொதுவா… சொல்ல முடியாதுங்க.”

கண்காணிப்பாளர் புத்தகத்தை மூடினார். “போட்டவங்களாலயே சொல்ல முடியல. இவர் மட்டும் எப்படிங்க நம்பினாரு?”

அன்று பிற்பகலே மாப்பிள்ளையைப் பணியிலிருந்து நீக்கினார்கள். தாழ்வாரத்தில் அவர் மச்சானை ஏறிட்டுப் பார்த்து, “தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா? இப்படி வேர்த்துக் கொட்டுதே,” என்று மட்டும் கேட்டார்.

மாலையில் துணைப் பதிப்பாசிரியர் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் வாசலிலேயே நின்றாள்; உள்ளே வா என்று சொல்லவில்லை.

“நான்தான் அடிச்சேன்,” என்றார் அவர். “அந்த ஆள் சரியாத்தான் எழுதியிருந்தாரு. இடம் பத்தலைன்னு நான்தான் எல்லாத்தையும் அடிச்சேன்.”

அவள் கை கதவுக்குப் போனது.

“அதை ஏன் இங்க வந்து சொல்றே?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.