சிவப்பு நூல் கட்டிய மொட்டுகள்

பன்னிரண்டு வருஷமாக என் வேலை, ஆப்பிள் மொட்டுகளைப் பூக்கவிடாமல் அரைப்பது. ஆராய்ச்சி என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். இமாசலத்திலிருந்து பெட்டியில் குச்சிகள் வரும். அவற்றைக் குளிர் அறையில் வைத்து, வாரத்துக்குச் சில மொட்டுகளைப் பறித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கல்வத்தில் பொடியாக்குவேன். மொட்டைத் தூங்கவைக்கும் மரபணுக்கள் சில உண்டு. வாரக்கணக்கில் குளிர் பட்டால் அவற்றின்மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகள் ஏறி, அவற்றின் வாயை அடைத்துவிடும். மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறாது. பட்ட குளிரை மட்டும் மொட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும். போதுமான குளிர் சேர்ந்த பிறகுதான் விழிக்கும். இவ்வளவும் தெரிந்த நான், மரத்தில் ஓர் ஆப்பிள் பூவைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொன்னதும் இல்லை.

என் கணவர் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நர்சரியிலிருந்து ஆப்பிள் கன்று வாங்கிவந்து, ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டிரம்மில் நட்டார். மூன்று வருஷமும் வெறும் இலைதான். டிசம்பரில் இந்த ஊரே ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாகத் திரியும். ஆப்பிள் அதையெல்லாம் குளிர் என்றே மதிக்காது, அதனால்தான் பூக்கவில்லை என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவைத்தேன். மறுநாளிலிருந்து மனுஷர் காலையும் மாலையும் ஐஸ் டிரேயை டிரம்மில் கவிழ்த்திருக்கிறார். பத்து நாள் கழித்து, ஜூஸுக்கு ஐஸ் இல்லாதபோதுதான் எனக்குத் தெரிந்தது. குளிரை உணர வேண்டியது மொட்டு, வேர் இல்லை என்று சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

சிரித்த பாவத்துக்கு வழியும் நானே சொன்னேன். குளிர் இல்லாத ஊர்களில் ஆப்பிள் இலைகளைக் கையாலேயே உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்து தூங்கிவிடுவதற்குள் அதை எழுப்பிவிடும் வேலை அது. மறு வருஷம் மழை ஓய்ந்ததும் செய்யலாம் என்றேன். நேரம் வந்தபோது அவருக்கு மனசே வரவில்லை. ஞாயிறுதோறும் ஈரத்துணியால் துடைத்து வளர்த்த இலைகள். கடைசியில் நான்தான் உருவினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் பெருக்கினார். மரம் மொட்டையாக நின்றது. செத்துப்போய்விட்டதா என்று கீழ்வீட்டு அம்மா கன்னடத்தில் விசாரித்ததிலிருந்து என் கணவர் மாடிப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது வாரம் மொட்டுகள் பருத்தன. மொத்தம் பதினொன்று, எல்லாம் பூ மொட்டு. சந்தோஷத்தில் அவரே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். எனக்கோ கை அரித்தது. குளிர்காலமே பார்க்காமல் விழிக்கிற மொட்டில் அந்த வேதிக் குறிகள் இருக்குமா, இருக்காதா? எங்கள் லேபில் இப்படி ஒரு சாம்பிள் வந்ததே இல்லை. அவர் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, மனசைக் கல்லாக்கிக்கொண்டு லேபுக்குச் சில மொட்டுகளைக் கேட்டுவிட்டேன்.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை வேணும்?"

"ஆறு."

"சரி, எடுத்துக்கோ. நான் ஆபீஸ் போனப்புறம் எடு."

இரண்டு நாள் கழித்து, அவர் கிளம்பியதும், நைட்ரஜன் குடுவையும் இடுக்கியுமாக மாடி ஏறினேன். எனக்கான ஆறு மொட்டுகளுக்கும் கீழே சிவப்புத் தையல் நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தார். பதினொன்றில் நன்றாகக் கொழுத்த ஆறு. தனக்கென்று விட்டுவைத்த ஐந்தும் நோஞ்சான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நோஞ்சான் ஐந்தையும் பறித்துக் குடுவையில் போட்டேன். இத்தனை வருஷத்தில் தெரிந்தே மட்டமான சாம்பிளை எடுத்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வந்ததும் நேரே மாடிக்குப் போய்விட்டு இறங்கினார்.

"நல்லதா பாத்துதானே கட்டி வெச்சேன், கண்ணு தெரியலயா?"

தெரிந்தது என்றேன்.

அடுத்த வாரம் ஆறும் விரிந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து பூக்கள், இதழ் வெளியே ரோஜா நிறம், உள்ளே வெள்ளை. அந்த நிறம் எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு இருவருமே வேலைக்கு லேட். கிளம்பும்போது, நூலை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.