விஜயகுமாரி அத்தையின் மகள்

செய்யூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள் விஜயகுமாரி. அவளுக்கு அறுபது வயது நிறைந்த அன்று, அண்ணன் மகன் சரவணகுமார் வாசலில் சாமியானா போட்டு ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். மதுராந்தகத்திலிருந்து கேக் வந்தது.

அவனைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். தாய்ப்பால் கொடுத்து வளர்த்தது அத்தைதான். அத்தைக்கும் ஒரு குழந்தை பிறந்து இறந்தது அவன் காதில் எப்போதோ விழுந்திருந்தது. வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை.

கேக் வெட்டும் முன் அவன் மைக்கைப் பிடித்தான். "எங்க அத்தைக்குப் புள்ள இல்லாத கொறைய நான் இன்னிக்கு வரைக்கும் வெச்சதில்ல!"

எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை சிரித்தபடிதான் கேக்கை வெட்டினாள். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவள் ஒரு வாய் சோறுகூட எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவன் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இன்னா அத்த, உடம்பு சரியில்லையா?"

"எனக்குப் புள்ள இல்லன்னு மட்டும் சொல்லாத ராசா. ஒரு பொண்ணு பொறந்தா எனக்கு."

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"அவ செத்த அதே வாரத்துல உங்கம்மாவும் பூட்டா. உன்னத் தூக்கியாந்து என் மடியில போட்டாங்க. அழாதடி, அழுதா பால் வத்திப்பூடும்னாங்க. நீ பசியில கத்துற. நான் அப்புறம் எங்க அழறது? என் வூட்டுக்காரரு ரெண்டு தபா கூப்ட வந்தாரு. உன்ன வுட்டுட்டு எப்படிப் போறது? வேற கல்யாணம் பண்ணிகினாரு."

"பேரு வெச்சியா அத்த?"

"மேகலா." அந்தப் பெயரை அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "நானா வெச்சிகினேன். யாரும் கேக்கல."

"எங்க பொதச்சாங்க?"

"உங்கப்பன்தான் எடுத்துகினு போனான். கடலோரம் சவுக்குத் தோப்புலன்னு சொன்னான். என்னக் கூட்டினு போவல."

சரவணகுமார் எழுந்து தன் வேனை எடுத்தான். பட்டுப்புடவையோடு அத்தை முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். போய்ப் பார்த்தால் தோப்பில் பாதி அழிந்து மனைக்கல் நட்டிருந்தது. எந்த இடம் என்று காட்ட அண்ணனும் உயிரோடு இல்லை. அவள் அங்கும் இங்கும் நடந்தாள். கடைசியில் மிச்சமிருந்த மரங்களின் கீழே மணலில் உட்கார்ந்து, பச்சை உடம்புக்காரி போல மார்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

திரும்பும் வழியில் அவன் கேட்டான். "எப்படி இருந்தா அத்த?"

"முடி அவ்ளோ அடர்த்தி. வெரல் நீட்டுனா கெட்டியாப் புடிச்சிக்குவா."

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் வண்டியை மெதுவாக ஓட்டினான்.